ஆலோசனை ஐயா சொன்ன பத்து மணி

எவாரிஸ்ட் கைஜாகேயை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சிங்கிடா ஊரில் யாருமில்லை. சந்தையிலும் சரி, எண்ணெய் ஆலைகளிலும் சரி, அவர் ஆலோசனை ஐயாதான். சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், பலர் நக்கலாகச் சொன்னார்கள். அவருக்கு வித்தியாசம் தெரிந்ததோ என்னவோ, இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

சிறுதொழில் உதவி அலுவலகத்தில் அவர் மாவட்ட அதிகாரி. அலுவலகம் என்றால் தகரக்கூரை போட்ட இரண்டு அறை, ஒரு மேசை, அரசாங்கம் கொடுத்த ஒரு மோட்டார் சைக்கிள். சூரியகாந்தி எண்ணெய் பிழிகிறவர்கள், தேன் அடைக்கிறவர்கள், சோப்புக் காய்ச்சுகிறவர்கள், இரும்புக் கதவு அடிக்கிறவர்கள் என்று ஊரில் சொந்தமாக எதையாவது செய்து விற்கிற எல்லோரையும் ஒரு படி மேலே ஏற்றிவிடுவது அவர் வேலை. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், ஏறாதவர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "முதலாவதாக" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் மோட்டார் சைக்கிள் வந்து நின்றாலே பட்டறைக்காரர்கள், "முதலாவதாக உட்காருங்க ஐயா, ரெண்டாவதாக டீ குடிங்க, மூணாவதா நாங்க கொஞ்சம் வேலை பார்த்துக்கறோம்" என்பார்கள்.

சொந்த ஊர் புகோபா. பெரிய ஏரிக்கரை, நாள் தவறாத மழை, வீட்டுக்கு வீடு வாழைத்தோப்பு. புகோபாக்காரர்கள் படிப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறவர்கள் என்று நாடு முழுக்க ஒரு பேச்சு உண்டு. கைஜாகே பீற்றிக்கொள்ளத் தெரியாத புகோபாக்காரர், ஆனால் கேலி மட்டும் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது. சிங்கிடாவிலோ ஓயாத காற்று, பாறை, மழைக்கு ஏங்குகிற மண். பதினாலு வருஷமாக அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சோளக்களியும் கொழகொழவென்ற கீரையும் சாப்பிட்டார். கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். அவ்வளவுதான் அந்த உறவு.

மனைவி ஜெனரோசா புகோபாவில் பள்ளித் தலைமையாசிரியை. மாற்றல் வந்தபோது, "ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வாங்க, பசங்க படிப்பைக் கெடுக்க வேணாம்" என்றாள். இரண்டு வருஷம் பதினாலு வருஷம் ஆனது. முதலில் மாதம் ஒருமுறை போனார், பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். போனாலும் தன் வீட்டில் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

சிங்கிடாவில் அவர் விருப்பப்பட்டுப் போன இடம் ஒன்றே ஒன்று, ஹவாவின் எண்ணெய் ஆலை.

ஹவாவுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். கணவன் போன பிறகு ஒற்றைச் செக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கலங்கலான எண்ணெயைப் பழைய தண்ணீர் பாட்டில்களில் அடைத்து நெடுஞ்சாலை ஓரத்தில் விற்றுக்கொண்டிருந்தவள். கைஜாகே முதல்முதலாகக் கோப்போடு போய் நின்று "முதலாவதாக" என்றபோது, "முதலாவதா இந்த மூட்டையோட அந்த முனையைப் பிடிங்க. அப்புறம் பேசலாம்" என்றாள். பிடித்தார். அன்றைக்குச் சட்டை பூராவும் உமி. அப்படித் தொடங்கியதுதான். வடிகட்டும் இயந்திரம் வந்தது, நல்ல மூடி வந்தது, லேபிள் வந்தது. நான்கு முறை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, எண்ணெய்க்குத் தர முத்திரை கொடுத்துக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதம் வந்த நாளில் ஆலையில் வேலை செய்த ஆறு பெண்களும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டதில் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர்கள் கல்யாணம் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

வியாழக்கிழமை தோறும் அவர் அங்கே போனார். சோதனை செய்ய ஏதாவது இருந்தால் செய்வார், இல்லாவிட்டால் இஞ்சி டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண்களுக்கு அவர் என்றால் கொண்டாட்டம்.

"ஐயாவுக்குப் பொண்டாட்டி இருக்காங்கன்னு சொல்றாங்களே, நெசமாவா இல்ல கதையா?" என்பாள் மரியாமு. அவர்களில் இளையவள், வாய் மட்டும் மூத்தவள்.

"நிஜம்தான்."

"அப்ப ஏன் சட்டையில பொத்தான் இல்ல?"

"அவ புகோபாவுல இருக்கா, சட்டை இங்க இருக்கு."

"அப்ப சட்டைக்கு இங்க ஒரு பொண்டாட்டி பாத்துருவோமா?"

ஹவா அதட்டுவாள். "வாயை மூடுங்கடி, மனுசன் நிம்மதியா டீ குடிக்கட்டும்." வாரம் முழுக்கக் கேட்காத பேச்சையெல்லாம் கைஜாகே அந்த ஒரு மணி நேரத்தில்தான் கேட்டார்.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில், தாருஸ்ஸலாமில் இருக்கும் ஒரு பிஸ்கட் கம்பெனியிடமிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. சிங்கிடாவில் ஒரு சிறு ஆலையைத் தேர்ந்தெடுத்து மூன்று வருஷத்துக்கு எண்ணெய் வாங்கப் போகிறார்கள். இரண்டு ஆலைகளின் பெயர்களை இவர் அனுப்பியிருந்தார், ஒன்று ஹவாவுடையது, இன்னொன்று ஜுமான்னே என்கிற வாயாடியுடையது. கம்பெனி ஆட்கள் நேரில் வந்து இயந்திரம் ஓடுவதைப் பார்த்து மாதிரி எடுத்துப் போவார்கள். ஹவாவின் எண்ணெய்தான் சுத்தம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜுமான்னேயே, "அந்தக்கா எண்ணெயில மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்" என்று சொல்லியிருக்கிறான். இந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனியே விதை வாங்க முன்பணம் கொடுக்கும். வழக்கமாக அக்டோபரில் விதை தீர்ந்ததும் ஆலையைப் பூட்டி ஆறு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பும் நிலைமை இருக்காது. வருஷம் முழுக்க வேலை. ஹவாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இங்கே மணி சொல்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மணிக்கணக்கு சூரியனோடு தொடங்கும். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. கடிகாரம் வெள்ளைக்காரன் கணக்கில் ஓடும், வாய் எங்கள் கணக்கில் பேசும். முள் ஏழில் நின்றால் ஒன்று என்போம், பத்தில் நின்றால் நான்கு என்போம். முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைச் சொன்னால் போதும், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடத் தடுமாறாது. காகிதத்தில் எழுதும்போது மட்டும் ஆங்கிலக் கணக்கு.

கடிதத்தில் செவ்வாய்க்கிழமை, 10.00 என்று போட்டிருந்தது. ஜுமான்னேவுக்குப் பதினொன்றரை. ஜுமான்னேவுக்கு அந்தக் கடிதத்தையே படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பிவிட்டார். ஹவாவுக்கு அப்படி அனுப்ப மனசு வரவில்லை. தன் வாயால் சொல்லி, அவள் சத்தம் போட்டுச் சந்தோஷப்படுவதைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

போனை எடுக்கப் போகும் நேரத்தில் ஜெனரோசா கூப்பிட்டாள். மகளுக்கு நிச்சயம் முடிவாகிவிட்டது, மாமன்மார்கள் பேசி ஆகஸ்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"நீங்க தூரத்துல இருக்கீங்க. எதுக்குத் தொந்தரவுன்னுதான்."

தொந்தரவு. அந்த ஒரு சொல் காதில் கிடந்தபடியே அவர் ஹவாவைக் கூப்பிட்டார். கடிதத்தைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதை அப்படியே எங்கள் மொழியில் சொன்னார். "செவ்வாய்க்கிழமை வர்றாங்க, ஹவாம்மா. பத்து மணிக்கு."

எங்கள் மொழியில் பகல் பத்து மணி என்றால் சாயங்காலம். முள் நான்கில் நிற்கும் நேரம்.

அந்தப் பக்கம் ஹவா குதித்த சத்தமும் பெண்களின் குலவையும் கேட்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக் கார் அவரை அலுவலகத்தில் ஏற்றிக்கொண்டது. கொள்முதல் பொறுப்பில் இருந்த ப்ரிஸ்கா என்கிற பெண்ணும் ஒரு பரிசோதகரும் வந்திருந்தார்கள். ப்ரிஸ்கா போட்டிருந்தது வெள்ளைச் செருப்பு. எண்ணெய் ஆலைக்கு வெள்ளைச் செருப்போடு வருகிறவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல. கைஜாகே வழி முழுக்க ஹவாவின் ஆலையைப் பற்றியே பேசினார். கடிதத்தில் இருந்த நேரத்துக்கே கார் ஆலை வாசலில் நின்றது.

ஆலையில் காவல்காரக் கிழவரைத் தவிர ஒருத்தருமில்லை. தரை பூராவும் சோப்புத் தண்ணீர். வடிகட்டும் இயந்திரத்தைத் தட்டுத் தட்டாகக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் துணிகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள், காற்று அவற்றைப் படபடவென்று அடித்தது. சாயங்காலம் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காலையிலேயே எழுந்து செய்த வேலை அது. பெண்கள் குளித்து நல்ல துணி உடுத்தப் போயிருந்தார்கள். ஹவா அவர்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் மேலங்கி தைக்கக் கொடுத்து அதை வாங்கத் தையல்காரரிடம் போயிருந்தாள்.

கைஜாகே போன் செய்தார். பக்கத்தில் ப்ரிஸ்கா நின்றாள்.

"ஹவாம்மா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்து நிக்கிறாங்க."

"வந்துட்டாங்களா! ஐயா, இப்ப மணி நாலுதானே ஆகுது? நீங்க பத்துன்னுதானே சொன்னீங்க? இன்னும் ஆறு மணி நேரம் கெடக்கே!"

அவருக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. கடிதம், 10.00, தன் வாய், எல்லாம்.

"என்னவாம்?" என்றாள் ப்ரிஸ்கா.

முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு தேதியைக்கூடத் தப்பாக எழுதாதவர் என்று பெயர் எடுத்த மனிதர். அதைத் தவிரக் காட்ட அவரிடம் பெரிதாக ஒன்றுமில்லை. வாய் தானாகத் திறந்து சொன்னது: "அந்தம்மா நேரத்தைக் குழப்பிக்கிட்டாங்க."

ப்ரிஸ்கா பரிசோதகரைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம ஆளுங்களுக்கும் நேரத்துக்கும் எப்பத்தான் ஒத்துப்போயிருக்கு?"

ஹவா தெருவில் கிடைத்த மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். தோளில் மேலங்கிகள், தலைத்துணி காற்றில் அவிழ்ந்து கிடந்தது. கழற்றிய இயந்திரத்தை மறுபடி மாட்ட இரண்டு மணி நேரம் வேண்டும். வந்தவர்கள் கடிதப்படி பதினொன்றரைக்கு ஜுமான்னே ஆலையில் இருக்க வேண்டும், அங்கிருந்து நேராக டொடோமா போக வேண்டும்.

"சாயங்காலம் திரும்பி வந்தீங்கன்னா ஓட்டிக் காட்டிருவேன்மா. ஒரு பொட்டுத் தூசி இருக்காது."

"எங்களுக்கு மூணு வருஷத்துக்கு எண்ணெய் வேணும்கா. முதல் நாளே நேரம் தவறினா எப்படி? உங்களுக்கு மணியைச் சரியாத்தானே சொன்னாங்க?"

ஹவா கைஜாகேயைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவர் கொடியில் ஆடிய துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் காதுல சரியா விழலை" என்றாள். "என் தப்புதான்."

கார் கிளம்பியது. அவரும் அதில் ஏறிப் போனார், ஏனென்றால் ஜுமான்னே ஆலைக்கு அவர்தான் வழி காட்ட வேண்டும். ஒரு வாரத்தில் ஜுமான்னேவுக்கு ஆர்டர் வந்தது. அவன் ஆட்டை அறுத்து ஊருக்குச் சோறு போட்டான்.

அதன் பிறகு கைஜாகே சொல்லாமல் இருக்கவில்லை, தினமும் சொன்னார், தனக்குள். வியாழக்கிழமை ஆலைக்குப் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவார். போனால் டீ வரும், மரியாமு பொத்தானைப் பற்றிக் கேட்பாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஹவா கோபம் எதையும் காட்டவில்லை. ஆனால் முன்பு போல அவரை அதட்டவும் இல்லை, மூட்டையைப் பிடிக்கச் சொல்லவும் இல்லை. ஒரு விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதையைக் காட்டினாள். அவருக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனார், பிறகு அதையும் குறைத்துக்கொண்டார். ஆகஸ்டில் மகள் நிச்சயத்துக்கு விருந்தாளி போலவே புகோபாவுக்குப் போய்விட்டு வந்தார்.

செப்டம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆலையில் நேரம் தவறியதைக் கம்பெனி தன் அறிக்கையில் எழுதியிருந்ததாம், ஆகவே சிங்கிடாத் தொழில்முனைவோருக்கு நேரம் தவறாமை பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவர் கைஜாகே. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார், தேதியைத் தள்ளி வைத்தார்களே தவிர ஆளை மாற்றவில்லை.

கூட்டுறவுக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹவா மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவர் கரும்பலகையில் 'நேரம்' என்று எழுதிவிட்டு, "முதலாவதாக, ஒரு வாடிக்கையாளர் நேரம் சொன்னால்..." என்று தொடங்கினார்.

பின்னாலிருந்து ஜுமான்னே குரல் கொடுத்தான். "இதுக்கு எதுக்கு ஐயா நீங்க? நம்ம பத்து மணி ஹவாக்காவையே எந்திரிச்சுப் பாடம் எடுக்கச் சொல்லுங்க!"

காலை நாலு மணியை அவள் பத்து என்று கேட்டுக்கொண்டாள் என்ற கதை அதற்குள் ஊருக்கே தெரியும், கூடம் கலகலத்தது. அவன் கெட்டவன் இல்லை, யார் கிடைத்தாலும் சீண்டுகிறவன். ஹவாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, "ஆமாடா, ஆட்டுக்கறி தின்ன வாய் பேசத்தான் செய்யும்" என்று திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் கைஜாகே முகத்தைப் பார்த்தார்கள். அவரும் உதட்டோரம் கொஞ்சம் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவரோடு அறைக்கு வந்தது, கண்ணாடியில் முகம் மழிக்கும்போதெல்லாம் வந்தது. அன்றிலிருந்து சந்தை முழுக்க அவளுக்குப் பத்து மணி ஹவா என்று பெயர். கோழிக்கடைக்காரன், "வெள்ளிக்கிழமை பணம் தர்றேன்கா, உங்க கணக்குல சனிக்கிழமைன்னு வெச்சுக்கங்க" என்றானாம்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஆலை வாசலில் பூட்டுத் தொங்கியது. விதை தீர்ந்துவிட்டது. பெண்களை அனுப்பியாயிற்று. மரியாமு டொடோமாவுக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள் என்று காவல்காரக் கிழவர் சொன்னார்.

"போறப்ப உங்களைக் கேட்டுச்சு அந்தப் புள்ள. ஐயாவுக்குப் பொத்தான் தைக்காமப் போறேன்னு சொல்லிச்சு."

கைஜாகே மோட்டார் சைக்கிளைத் திருப்பி நேராக ஹவாவின் வீட்டுக்குப் போனார்.

அவள் முற்றத்தில் பாய் விரித்து, முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொன்னார். தானும் எதிரே கல்லில் உட்கார்ந்தார். முதலாவதாக என்று தொடங்கவில்லை.

"ஹவாம்மா, அன்னைக்கு உங்க காதுல சரியாத்தான் விழுந்துச்சு. நான்தான் பத்துன்னு சொன்னேன். கடுதாசியில இருந்ததைப் பாத்து அப்படியே சொல்லிட்டேன். தப்பு என்னுது."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "தெரியும் ஐயா."

"தெரியுமா?"

"நீங்க போன்ல சொல்லச் சொல்ல செவத்துல சாக்பீஸால எழுதினேன். பத்துன்னு. மரியாமுகூட, சாயங்காலமா வர்றாங்க, வெயில் தாழ்ந்து வருவாங்கபோலன்னு சொன்னா. எழுதினது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லலை? அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமே."

"வெளியாளுங்க முன்னாடியா? உங்களை விட்டுக் குடுத்துட்டா?" முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க நம்ம ஆளுன்னு நெனைச்சேன். அவங்க போனதும் நீங்களே திரும்பி வந்து சொல்வீங்கன்னு நெனைச்சேன். அடுத்த வியாழக்கிழமை சொல்வீங்கன்னு நெனைச்சேன். அந்த வகுப்புல சொல்வீங்கன்னு நெனைச்சேன். நீங்க சிரிச்சீங்க."

பதினாலு வருஷத்தில் இந்த ஊரில் யாரும் அவரை நம்ம ஆள் என்று சொன்னதில்லை. சொன்ன ஒருத்தியும் 'நெனைச்சேன்' என்று, முடிந்துபோன ஒன்றாகச் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க."

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." மறுபடியும் முறத்தை எடுத்தாள். "டீ போடவா?"

வேண்டாம் என்றுவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். தவறு தன்னுடையது, ஆலை உரிமையாளருடையது அல்ல, அந்த ஆலையை மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். பத்து நாளில் மரியாதையான பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, மூன்று வருஷம் கழித்து விண்ணப்பிக்கலாம். தலைமை அலுவலகத்துக்கும் எழுதினார். ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும் மனிதர் எதற்கு இதையெல்லாம் கிளறுகிறார் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்தது ஊர்.

நவம்பர் கடைசியில், முதல் மழைக்கு முன்பு, தொழில் சங்கத்தின் வருஷக் கூட்டம் அதே கூட்டுறவுக் கூடத்தில் நடந்தது. வெளியே மேகம் கட்டியிருந்ததால் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். நன்றி சொல்லி முடிக்கிற நேரத்தில் கைஜாகே எழுந்து, ஒரு வார்த்தை என்றார். சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

ராத்திரி பூராவும் எழுதி வைத்திருந்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"ஹவாம்மாவைப் பத்து மணின்னு கூப்பிடறீங்க. அந்தப் பத்து மணி அவங்களுது இல்ல, என்னுது. கம்பெனிக்காரங்க வர்ற நேரத்தை நான்தான் தப்பாச் சொன்னேன். அவங்க சொன்ன நேரத்துக்குச் சரியாத்தான் தயாரானாங்க. அன்னைக்கு வந்தவங்ககிட்ட, அவங்கதான் குழப்பிக்கிட்டாங்கன்னு நான் பொய் சொன்னேன். பயந்துட்டேன். அதுக்கப்புறம் இதே இடத்துல நின்னு உங்களுக்கு நேரத்தைப் பத்திப் பாடமும் எடுத்தேன். அந்த ஆர்டர் அவங்களுக்குப் போக வேண்டியது."

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜுமான்னே தலையைச் சொறிந்தான். இந்த ஊரில் ஓர் அதிகாரி நின்று தன் தப்பைச் சொல்லி யாரும் பார்த்ததில்லை, பார்த்தால் என்ன செய்வது என்றும் யாருக்கும் பழக்கமில்லை. அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல்தான் இருக்க வேண்டும், ஜுமான்னே கேட்டான்:

"அது சரி ஐயா. இப்ப மணி என்ன?"

ஒரு நொடி கழித்துக் கூடம் வெடித்துச் சிரித்தது. தலைவர் சிரித்தார், தேன்காரர்கள் சிரித்தார்கள், முன் வரிசையில் இருந்த சோப்புக்காரக் கிழவி பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைஜாகே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஐந்தில் நின்றது. "பதினொண்ணு" என்றார். மறுபடி ஒரு சிரிப்பலை எழுந்தது, யாரோ கை தட்டினார்கள். அதோடு கூட்டம் கலைந்தது. நாற்காலிகள் இழுபட்டன, தூறல் விழ ஆரம்பித்துவிட்டது என்று வாசலில் யாரோ கத்தினார்கள்.

ஹவா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தபோது அவள் அவர் நின்ற இடத்துக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கத்துவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார், வேண்டியும் இருந்தது.

"அந்த ஆர்டர் எனக்குக் கெடைச்சிருக்கும், ஐயா" என்றாள்.

"ஆமா, ஹவாம்மா. கெடைச்சிருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள், அதைக் கேட்டு வாங்கிப் போகத்தான் வந்ததுபோல. தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாசலில் காத்திருந்த சங்கப் பெண்களோடு மழையில் இறங்கிவிட்டாள். ஜுமான்னே அவளுக்குக் குடை பிடிக்க ஓடினான். அவள் அவனை என்னவோ திட்ட, அவன் என்னவோ பதில் சொல்ல, பெண்கள் சிரிக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

கைஜாகே காலியான நாற்காலிகளுக்கு நடுவில் நின்றார். தகரக்கூரையில் மழை பலமாகக் கொட்டத் தொடங்கியது. தன்னைத் திட்டுவதற்காகவாவது யாராவது ஒருத்தர் நின்றிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.